வலிக்க வலிக்க அழுத்தினால்தான் இறங்குமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வயது 31. வீடு கிருஷ்ணகிரியில், வேலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். தினமும் பஸ்ஸில் போய்வருகிறீர்கள். மாலையானால் பிடரியிலிருந்து தோள்வரை கல்லை ஏற்றி வைத்ததுபோல் இறுகிவிடுகிறது. பின்தலையில் தொடங்கும் வலி நெற்றிப்பொட்டுவரை வருகிறது. படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வாரத்தில் இன்னும் மோசம். பக்கத்து வீட்டுப் பெரியவர் அக்குபிரஷர் செய்யச் சொல்கிறார். "நன்றாக வலிக்கிற அளவுக்கு அழுத்தினால்தான் இறங்கும்" என்றும் சொல்கிறார். செய்யலாமா, எங்கே அழுத்துவது என்று கேட்கிறீர்கள். அம்மாவுக்கும் கழுத்தும் முதுகும் விறைப்பு, சர்க்கரை வேறு. அவருக்கு முள் முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பு வாங்கித் தந்திருக்கிறீர்கள், அது சரியா என்பது கடைசிக் கேள்வி.

செய்யலாம். பெரியவர் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. அம்மாவின் செருப்பை மட்டும் இன்றிரவே எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

நான் தருமபுரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக பிசியோதெரபி செய்கிறேன். அக்குபிரஷரைப் பிறகு கற்றுக்கொண்டேன். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் கேட்காமலேயே சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "நல்லா அழுத்துங்க, நான் தாங்கிக்குவேன்." நம் பக்கத்து மனிதர்களுக்கு வலியைத் தாங்குவதில் ஒரு பெருமிதம். கிரானைட் குவாரியில் வேலை செய்பவர், மாம்பழ சீசனில் கூடை சுமப்பவர், நாளெல்லாம் உட்கார்ந்து புளி தட்டி கொட்டை எடுக்கும் பெண்கள் என எல்லோருமே அப்படித்தான். ஒகேனக்கல் போனால் அருவிக்கு அருகே பாறையில் படுக்க வைத்து, எண்ணெய் ஊற்றி, முதுகில் படீர் படீரென்று தட்டி, கைகால்களை உருவி விடுவார்கள். எழுந்து அருவியில் நின்றுவிட்டு வந்தால் உடம்பு பஞ்சுபோல் இருக்கும். எனக்கும் பிடித்த விஷயம்தான். ஆனால் அந்தச் சுகத்துக்கு எண்ணெயின் வழுக்கலும், உருவுகிற கையின் சூடும், அருவியும், அன்றைக்கு வேலைக்குப் போகாததும் எல்லாம் சேர்ந்து காரணம். நாம் மட்டும் "தட்டு பலமாக விழுந்தது, அதனால் வலி போயிற்று" என்று கணக்கு எழுதிக்கொள்கிறோம்.

அக்குபிரஷர் அதற்கு நேர் எதிரான வேலை. ஒரே இடத்தில், ஒரு விரல் நுனியளவு பரப்பில், அசையாமல், பொறுமையாக அழுத்துவது. பெயரே கொஞ்சம் வேடிக்கையானது. 'அக்கு' என்பது ஊசியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஊசியே இல்லாத இந்த முறைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானியர்கள் தங்கள் முறைக்கு வைத்த 'ஷியாட்சு' என்ற பெயர் நேர்மையானது. விரலழுத்தம் என்றுதான் அதற்குப் பொருள். சீன மரபில் உடம்பெங்கும் ஓடும் பாதைகளில் 361 புள்ளிகளைக் குறித்திருக்கிறார்கள். எந்தப் புள்ளி சரியாக எங்கே இருக்கிறது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருந்ததால், உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி, 2008இல் அவற்றின் இடங்களைத் தரப்படுத்தி வெளியிட்டது.

அந்தப் பாதைகளில் உயிராற்றல் ஓடுகிறதா என்று கேட்பீர்கள். உடம்பை அறுத்துப் பார்த்தால் அப்படி ஒரு குழாய் கிடைக்காது. நான் அந்த வரைபடத்தை முகவரிப் புத்தகம் போலப் பயன்படுத்துகிறேன். நூற்றாண்டுகளாகப் பலபேர் தொட்டுத் தொட்டு, 'இங்கே அழுத்தினால் இந்த இடம் இளகுகிறது' என்று குறித்து வைத்த முகவரிகள். முகவரி சரியாக இருப்பதற்கு, அதை எழுதியவர் சொல்லும் காரணமும் சரியாக இருக்க வேண்டுமென்பதில்லை.

நம்மிடம் இல்லாததா இது என்று சிலர் வர்மத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வர்மம் வேறு, அக்குபிரஷர் வேறு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, மொத்தம் 108 என்பது வர்மக் கணக்கு. அடிபட்ட இடத்தைத் தெளியவைக்கும் இளக்குமுறைகள் அதற்கென்று தனியாக உண்டு. இரண்டையும் குழப்பி, செல்போனில் பார்த்ததை வைத்து வர்மப் புள்ளிகளில் கை வைக்காதீர்கள். ஆனால் வர்மத்திலிருந்து ஒன்றை மட்டும் நான் எல்லோருக்கும் எடுத்துச் சொல்வேன். விரலின் அழுத்தத்தை அவர்கள் 'மாத்திரை' என்று அளக்கிறார்கள். கால் மாத்திரை, அரை மாத்திரை என்று. அழுத்தத்துக்கும் மருந்தைப்போல் ஓர் அளவு உண்டு என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கழுத்துக்கு வருவோம். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது முதுகெலும்பு அதைச் சுமக்கிறது. குனிந்து திரையையோ செல்போனையோ பார்க்கும்போது பிடரித் தசைகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தாக வேண்டும், கிணற்றில் தொங்கும் குடத்தைக் கயிறு பிடிப்பதுபோல். பஸ்ஸில் இன்னொன்று நடக்கிறது. சூளகிரி வருவதற்குள் கண் சொக்கி, தலை முன்னால் தொங்கிவிடும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தசை திடுக்கிட்டு இழுக்கும். இது உடம்பின் பங்கு. மனத்தின் பங்கு தனி. கவலையோ அவசரமோ வந்தால் தோள்கள் காதை நோக்கி ஏறும், தாடை இறுகும், மூச்சு மேல் நெஞ்சிலேயே நின்றுவிடும். அடி விழப்போகிறது என்று உடம்பு குறுகிக்கொள்ளும் அதே ஏற்பாடுதான். கணக்கு முடிக்கும் வாரத்தில் யாரும் உங்களை அடிக்க வருவதில்லை, ஆனால் உடம்புக்கு அது தெரியாது. இப்போதே பாருங்கள், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா? சும்மா இருக்கும்போது அவை ஒன்றையொன்று தொடக்கூடாது.

இப்படி நாள்கணக்கில் இறுகிய தசையில் பட்டாணி போன்ற முடிச்சுகள் தட்டுப்படும். அமெரிக்க அதிபர் கென்னடிக்கு மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல் வாழ்நாள் முழுவதும் இந்த முடிச்சுகளை ஆராய்ந்தார். டேவிட் சைமன்ஸ் என்பவருடன் சேர்ந்து 1983இல் அவற்றுக்கு ஒரு பெரிய கையேட்டையும் வெளியிட்டார். தோளின் மேல்பகுதித் தசையில் உள்ள முடிச்சு, வலியைத் தன் இடத்தில் மட்டும் காட்டாமல், கழுத்தின் பக்கவாட்டில் ஏறி நெற்றிப்பொட்டில் காட்டும் என்பது அவர்கள் வரைந்த படங்களில் முக்கியமான ஒன்று. நீங்கள் சொல்லும் தலைவலியின் பாதையும் ஏறக்குறைய அதுதான். நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் போதாது என்பதற்குக் காரணமும் அதுதான்; நோய் ஒரு தெருவில் இருக்க, கதவைத் தட்டுவது அடுத்த தெருவில்.

அழுத்தினால் ஏன் குறைகிறது? குழந்தை இடித்துக்கொண்டு அழுதால் அம்மா அந்த இடத்தை நீவி விடுவார், அழுகை நிற்கும். தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் நரம்பிழைகள் தண்டுவடத்தில் வலிச் செய்திக்குக் குறுக்கே ஒரு கதவைச் சாத்துகின்றன என்று மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் 1965இல் விளக்கினார்கள். பிற்பாடு அதில் பல திருத்தங்கள் வந்தன. அடிப்படை எண்ணம் மட்டும் நிலைத்துவிட்டது. இன்னொரு காரணம் மூச்சு. அழுத்திக்கொண்டே மெதுவாக மூச்சை விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது, உடம்பை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் முன்னுக்கு வருகிறது. மன இறுக்கத்துக்கு அக்குபிரஷர் கொடுக்கும் பலனில் பெரும்பங்கு இந்த மூச்சுக்குரியது என்பது என் எண்ணம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து அழுத்துகிறவருக்கு அந்தப் பங்கு கிடைக்காது.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மணிக்கட்டின் உட்புறப் புள்ளி ஒன்று அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலைக் குறைக்கிறது என்பதற்குத்தான் ஆதாரங்கள் அதிகம். 2015இல் 59 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு இருக்கிறது. இடுப்புவலிக்குத் தைவானில் 129 பேரிடம் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபி எடுத்தவர்களைவிட அக்குபிரஷர் எடுத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள், 6 மாதம் கழித்துப் பார்த்தபோதும். எங்கள் தொழிலுக்கே கொஞ்சம் உறைக்கும் முடிவு. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஓர் ஓட்டை உண்டு. மாத்திரை ஆய்வில் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றலாம். விரலால் அழுத்துவதில் எப்படி ஏமாற்றுவது? 'தவறான' இடத்தில் அழுத்தினாலும் மனிதக் கை பட்டது பட்டதுதானே. அதனால் மன இறுக்கம், தூக்கம் போன்றவற்றில் கிடைக்கும் பலனில் புள்ளிக்கு எவ்வளவு, தொடுகைக்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். உங்களுக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை. செலவில்லாதது, அளவோடு செய்தால் ஆபத்தில்லாதது. செய்து பார்க்க அது போதும்.

எப்படி அழுத்துவது என்பதை இடத்துக்கு முன்னால் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நகத்தை வெட்டியிருக்க வேண்டும். விரலின் சதைப்பகுதியை வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக உள்ளே போங்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது என்று வைத்துக்கொண்டால், ஐந்தில் நிற்க வேண்டும். கூர்மையாகக் குத்தக்கூடாது; மந்தமான, கனமான, 'ஆமாம், இங்கேதான்' என்று சொல்லத் தோன்றும் ஒரு வலி. அங்கேயே ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். மூச்சை இழுக்க நான்கு எண்ணினால் விட ஆறு எண்ணுங்கள். சற்று நேரத்தில் அந்த ஐந்து தானாக மூன்றாகும், விரலுக்குக் கீழே ஏதோ கரைவதுபோல் இருக்கும். அதுதான் அடையாளம். குறையாமல் ஏறிக்கொண்டே போனால், முகம் சுளித்தால், தோள் தானாகத் தூக்கினால், நீங்கள் அளவைத் தாண்டிவிட்டீர்கள். தசை இளகுவதற்குப் பதிலாகத் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். மறுநாள் கன்றிப்போய்க் கருநீலமாக வீங்கி நிற்பதைத்தான் சிலர் 'கெட்ட ரத்தம் வெளியே வந்துவிட்டது' என்கிறார்கள். வந்தது நல்ல ரத்தம். உடைந்தது உங்கள் நுண்குழாய்.

உங்களுக்கு முதல் இடம் பிடரிக் குழி. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புப் புடைப்பிலிருந்து விரலைப் பின்பக்கமாக, மண்டையோட்டின் கீழ் விளிம்போடு நகர்த்துங்கள். நடுக்கழுத்தின் இரண்டு தடித்த தசைகளுக்கு வெளிப்பக்கம், இருபுறமும் ஒவ்வொரு பள்ளம் அகப்படும். சீனப்பெயர் ஃபெங்ச்சி, காற்றின் குளம். கைகளைத் தலைக்குப் பின் கோத்து, இரண்டு கட்டைவிரல்களையும் அந்தப் பள்ளங்களில் வைத்து, மேல்நோக்கி, கண்ணை நோக்கி அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து அதன் கனத்தைக் கட்டைவிரலில் இறக்கினால் கை வலிக்காது. இரவில் படுத்துக்கொண்டு செய்ய இன்னொரு வழி: இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரு பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து, அந்தப் பள்ளங்களுக்குக் கீழே வைத்துப் படுங்கள். தலையின் கனமே அழுத்தும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதன் மேலேயே தூங்கிவிடவும் வேண்டாம். தூக்கம் வராதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கழுத்தில் கை வைக்காதீர்கள், ஒரு பிரேக் போதும்.

இரண்டாவது தோள் உச்சி. குனிந்தால் பிடரியில் துருத்தும் எலும்புக்கும் தோள் முனைக்கும் நடுவே, மேலே இருக்கும் மேடு. பெயர் ச்சியென்ச்சிங், தோள் கிணறு. வலது தோளுக்கு இடது கையின் நடுவிரல். கையை முன்பக்கமாகப் போட்டு, விரலைக் கொக்கிபோல் மாட்டி, முழங்கையைத் தொங்கவிடுங்கள். கையின் கனம் இழுக்க, நீங்கள் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். முடிச்சு அங்கிருந்து ஓரங்குலம் தள்ளி இருந்தால் முடிச்சின் மேலேயே வையுங்கள். புத்தகம் சொல்கிற இடத்தைவிட உங்கள் விரல் கண்ட இடம் மேல். கட்டைவிரலும் இரண்டு விரல்களும் சேர்த்து அந்தத் தசையைக் கவ்விப் பிடிப்பதும் நல்ல முறை. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் பலத்தைக் காட்டுவார்கள். முழங்கையை வைத்து ஏறி அழுத்துவது, உலக்கையை வைத்து உருட்டுவது எல்லாம் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

மூன்றாவது பஸ்ஸிலும் செய்யக்கூடியது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினால் நடுவே சதை மேடு எழும், அதன் உச்சி. விரல்களைத் தளர்த்திவிட்டு, மறுகைக் கட்டைவிரலால் ஆள்காட்டி விரல் எலும்பின் பக்கமாகச் சாய்த்து அழுத்துங்கள். தலைவலிக்கும் தாடை இறுக்கத்துக்கும் வெகுகாலமாகப் பயன்படுத்தப்படும் இடம். நான்காவது, மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து மூன்று விரல் அளவு முழங்கையை நோக்கி, இரண்டு நாண்களுக்கு நடுவே. கையை முறுக்கி மூடினால் நாண்கள் தெரியும். சிலருக்கு ஒரு நாண் பிறவியிலேயே இருக்காது, பதற வேண்டாம். குமட்டலுக்குச் சொன்னேனே, அந்தப் புள்ளிதான். நெஞ்சு படபடப்புக்கும் சீன மரபு இதையே சொல்கிறது. 'மூன்று விரல்' என்றால் உங்கள் விரல், என் விரல் அல்ல. அளவுகோல் அவரவர் உடம்பு.

புருவ மத்தியில், பொட்டு வைக்கும் இடத்தில் நடுவிரலை லேசாக வைத்து வட்டமிடுவது படுக்கும் நேரத்துக்கு இதமானது. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மேல் பாதத்தில் உள்ள பள்ளமும் நல்ல இடம். இவ்வளவு போதும். நூறு புள்ளிகளை மனப்பாடம் செய்தவர்களைவிட, நான்கைத் தினமும் செய்பவர்கள்தான் தேறுகிறார்கள்.

அழுத்தி முடித்ததும் சும்மா எழுந்துவிடாமல், தலையை மெதுவாக இரு பக்கமும் திருப்பி, தோளைப் பின்னால் உருட்டி, இளகிய தசைக்கு நீளும் வேலை கொடுங்கள். அலுவலகத்தில் 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்த நான்கு பழைய லெட்ஜர் போதும். இது இல்லாமல் அழுத்திக்கொண்டே இருப்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். சலூனில் முடி வெட்டிய பின் தலையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அதற்குக் கழுத்தைக் கொடுக்காதீர்கள். கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அந்தத் திருகலில் உள்ளே கிழியக்கூடும். அரிதுதான், ஆனால் நேர்ந்தால் பக்கவாதம்வரை போகும். அதேபோல் கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டில் நாடி துடிக்கும் இடமும் அழுத்தும் இடங்களல்ல.

இனி அம்மா. சர்க்கரை பல வருடம் இருந்தால் பாதத்தின் உணர்ச்சி மெல்ல மங்கும். குமிழ் குத்துகிறது என்று கால் சொல்லாது. கொப்புளம் வரும், புண்ணாகும், தெரியும்போது சீழ் கட்டியிருக்கும். சந்தையில் 'சர்க்கரையைக் குறைக்கும்' என்று கூவி விற்கும் அந்தச் செருப்பு, யாருக்கு விற்கப்படுகிறதோ அவர்களுக்கே ஆகாதது. 'வலித்தால் நல்லது' என்ற நம்பிக்கையின் மறுபக்கம் இங்கே தெரியும்: அம்மாவுக்கு வலிக்கவில்லை என்றால் அதுதான் கெட்ட செய்தி. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, உங்கள் விரல் நுனியால் அவர் கால்விரல்களை ஒவ்வொன்றாக லேசாகத் தொட்டு, எதைத் தொட்டேன் என்று கேளுங்கள். தவறினால் டாக்டரிடம் பாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். வீட்டுக்குள்ளும் மென்மையான செருப்பு போடட்டும்.

அவருடைய விறைப்பைப் பற்றி எனக்கு வேறொரு சந்தேகம். பிறந்த ஊர் பென்னாகரம் பக்கம், கல்யாணம்வரை போர்வெல் தண்ணீர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பல இடங்களில் அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதுதான் மேல்வரம்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு முக்கியக் காரணமே இதுதான். பல்லில் பழுப்புக் கறை எல்லோருக்கும் தெரியும். எலும்பிலும் தசைநார்களிலும் அது படிந்து முதுகெலும்பு விறைத்துப்போவது பலருக்குத் தெரிவதில்லை. வாயு என்றும் வயசு என்றும் சொல்லிவிடுகிறார்கள். வீட்டிலேயே மூன்றைப் பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து தரையிலிருக்கும் காசை எடுக்க முடிகிறதா? மோவாய் நெஞ்சைத் தொடுகிறதா? கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பின்தலையைத் தொட முடிகிறதா? முடியாவிட்டால் அது ஃபுளோரைடுதான் என்று முடிவு கட்ட வேண்டாம், ஆனால் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். எலும்பே விறைத்த இடத்தில் விரல் எவ்வளவு அழுத்தினாலும் இளகப்போவதில்லை, பலமாக அழுத்தினால் கேடுதான். இன்றும் போர்வெல் தண்ணீர்தான் என்றால் பரிசோதித்துப் பாருங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகி அதன் செறிவுதான் கூடும்.

இன்னும் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்குத் தோள் உச்சியும், கட்டைவிரல்-ஆள்காட்டி விரல் நடுவிலுள்ள புள்ளியும், கணுக்காலின் உட்புறத்துக்கு மேலுள்ள புள்ளியும் விலக்கு என்று மரபே சொல்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு தேய்ந்து மெலிந்தவர்கள் அழுத்தமான முறைகளைத் தவிர்க்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் பிடித்துவிடச் சொல்லாதீர்கள், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். இடது தோளும் தாடையும் வலித்து வியர்த்தால் புள்ளி தேட வேண்டாம், 108. காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், கை மரத்துப் பிடி தளர்ந்தாலும், இடி இறங்கியதுபோல் திடீர்த் தலைவலி வந்தாலும் அன்றே மருத்துவமனை.

மாத்திரைகளை எல்லாம் நிறுத்து, தொட்டே குணப்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒருவர் பேச்சைக் கேட்டு இன்சுலினை விட்ட ஓர் அம்மாவை, மூன்றாவது வாரம் சுயநினைவு இல்லாமல் ஆம்புலன்ஸில் ஏற்றியதைப் பார்த்தவன் நான். பிழைத்துக்கொண்டார். அவர் மகன் இன்றும் என்னிடம் வரும்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

உங்கள் தூக்கத்தையும் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். வேலையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கடைசி இரண்டு வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கழுத்து இளகியும் மனம் இளகவில்லை என்றால், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நாளை காலையிலிருந்து ஆரம்பியுங்கள். பஸ்ஸில் கைப்புள்ளிகள் இரண்டு, மதியம் சாப்பிட்ட ஒரு மணி நேரம் கழித்துத் தோள், இரவு படுக்கையில் பிடரிக் குழி. ஒவ்வொரு நாளும் படுக்கும்முன் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அது சிரமமாக இருக்காது. மூன்று வாரம் கழித்து அந்த எண்களை இங்கே எழுதுங்கள், மாதக் கடைசி வாரமும் அதில் இருக்கட்டும். எண் இறங்கவே இல்லை என்றால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டாம். கழுத்தை நேரில் ஒருவரிடம் காட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.